எலக்ட்ரானை நம்பாத சலீமா மேடம்

சலீமா மேடம் இன்று காலை போய்விட்டார். அவர் மகன் போனில் சொன்னதும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

தருமபுரியில் ஒரே கல்லூரி, ஒரே ஸ்டாஃப் ரூம், இருவரும் பிசிக்ஸ். அவர் பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருவார், நான் நல்லம்பள்ளியிலிருந்து. வந்து உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்துவிடும்.

எலக்ட்ரான் நிஜமாகவே இருக்கிறதா? அதுதான் சண்டை.

இல்லாவிட்டால் இத்தனை கணக்கும் எப்படிச் சரியாக வரும் என்பது என் கட்சி. அவர் சிரிப்பார். ஈதர் என்று ஒன்று வான்வெளி முழுக்க இருப்பதாகப் பெரிய ஆட்களே நம்பினார்கள், அப்போதும் பல கணக்குகள் சரியாகத்தான் வந்தன, கடைசியில் ஈதரே இல்லை என்றாகிவிட்டது என்பார்.

"கணக்கு சரியா வருதுங்க சார். அதுவரைக்கும்தான் நான் ஒத்துக்குவேன்."

அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம் என்றால் இந்த மேஜையே பொய்யா மேடம் என்று ஒரு மாணவி கேட்டாளாம். மேடம் மேஜை மேல் ஏறி உட்கார்ந்து மீதி வகுப்பை அங்கிருந்தே எடுத்தார். காலேஜ் முழுக்க அதே பேச்சு...

என் மனைவி வசந்தா இறந்த பிறகு லீவு முடிந்து வந்த அன்று, மதியச் சாப்பாட்டில் அவரிடம் கேட்டேன். ரிலேட்டிவிட்டிப்படி நேற்று, இன்று, நாளை எல்லாமே சமமாக இருக்கின்றன என்கிறார்களே. அப்படியென்றால் வசந்தா அந்த நாட்களில் இன்னும் இருக்கிறாளா?

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்தார்.

"அப்படியும் சொல்லலாமுங்க சார். ஆனா நெசமான்னு எனக்குத் தெரியலீங்க. ஒங்ககிட்ட போயி தெரியும்னு எப்படிச் சொல்லுவேன்?"

கோபம் வந்தது. டிபன் பாக்ஸை மூடி எழுந்தேன்.

"வசந்தா அக்கா இருந்தாங்க சார். எந்த தியரி வந்தாலும் போனாலும் அத யாரும் இல்லைன்னு ஆக்க முடியாதுங்க."

அப்படியே உட்கார்ந்து அழுதேன். எல்லோர் முன்னாலும். மணி அடித்தது. என் வகுப்புக்கு அவரே போனார்.

போன மாதம் வீட்டில் போய்ப் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தார். வான்வெளியில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாகச் சொல்லும் டார்க் மேட்டரைத் தேடுகிறார்களே, ஏதாவது சிக்கியதா என்றார். இன்னும் இல்லை என்றேன்.

"கெடச்சா சொல்லுங்க சார். ஒத்துக்கறதா வேண்டாமான்னு அப்பறம் பாக்கலாம்."

மதியத் தொழுகைக்குப் பிறகு பாலக்கோட்டில் அடக்கம். பழைய மாணவர்கள் முடிந்தால் வாருங்கள்.

பஸ் ஸ்டாண்டில் மாலை வாங்கப் போனேன். அவர்கள் வீட்டில் மாலை போட மாட்டார்கள் என்று கடை வாசலில்தான் நினைவு வந்தது. வெறுங்கையோடுதான் பஸ் ஏறியிருக்கிறேன்...

நிம்மதியாகத் தூங்குங்கள் மேடம்.