கதவு தூக்கியவன்

ரங்கநாதன் தெரு நடைபாதையில் துணிப் பை விற்க உட்கார்ந்தவன் நான். இன்றைக்குப் பாண்டி பஜார் பக்கம் சொந்தமாகச் சூட்கேஸ் கடை, மந்தைவெளியில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு. படிப்பு அஞ்சாம் வகுப்பு. இதையெல்லாம் நான் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நானாக வாய் திறந்து சொல்வது வேறு ஒன்று. மீசை சரியாக முளைக்காத வயதில், ஒரே டோக்கனில், பனியன் கேமில் கதவு தூக்கியவன் நான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அப்போது மாம்பலம் ஸ்டேஷன் படி இறங்கும் இடத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் வீடியோ கேம் கடை இருந்தது. பீரோ உயரத்துக்கு மரப்பெட்டிகள். நெஞ்சு உயரத்தில் டிவி, அதன் கீழே ஒரு குச்சி, நாலைந்து பொத்தான். டோக்கன் போட்டால் உயிர் வரும். நானும் என் தம்பியும் ஸ்டேஷனில் இருந்து துணிக்கடைகளுக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. கூலி கைக்கு வந்ததும் நேராக மேல்மாடிதான். சிவப்புப் பனியன் போட்ட ஒருவனும் நீலப் பனியன் போட்ட ஒருவனும் தெருத் தெருவாகப் போய் ரவுடிகளை அடிப்பார்கள். பெட்டி மேல் ஏதோ இங்கிலீஷ் பேர் எழுதியிருந்தது. நாங்கள் வைத்த பேர் பனியன் கேம். இடது பக்கக் குச்சி என்னுடையது, சிவப்பு. வலது பக்கம் தம்பி, நீலம்.

கடைசித் தெருவின் முனையில் ஒரு இரும்புக் கதவு வரும். முன்னால் நிற்கிற அத்தனை பேரையும் சாய்த்தால் கதவு மெல்ல மேலே எழும்பும். பாதி எழும்பியதும் படம் அப்படியே நின்றுவிடும். 'ஙொய்' என்று ஒரே சத்தம் ஓயாமல் வரும். கடைக்காரர் வந்து பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிவிட்டு, ஆடியவனுக்கு ஒரு கோலி சோடா கொடுப்பார். ஜெயிப்பது என்றால் அதுதான். மிஷினே இதற்கு மேல் முடியாது என்று கை விரித்துவிட்டதாக அர்த்தம். எங்கள் பக்கத்தில் அந்தச் சோடாவை முதலில் குடித்தவன் நான். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மனைவியிடம் நான் பேசிய முதல் பேச்சே இதுதான். கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்கும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் வேலை சொல்வேன்.

நாங்கள் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரைக் குடிசையை விட்டு நான் வெளியே வந்தேன். தம்பி வரவில்லை. மீன்பாடி வண்டி மிதித்தான், பாரம் ஏற்றினான், குடித்தான். குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே, ஏரியைத் தாண்டி, அடுக்கு வீடு கொடுத்து அனுப்பினார்கள். அங்கே போயும் குடித்தான். போன மழைக்காலத்தில் வயிறு பானையாக உப்பி, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தி எடுத்தான். காரை எடுத்துக்கொண்டு போய் அள்ளி வந்தேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். நடைபாதையில் இருந்து ஒரு கடையை எழுப்பிய எனக்கு ஓர் ஈரலை எழுப்ப முடியாதா? என் வீட்டு ஏசி அறையில் படுக்க வைத்தேன். இளநீர், உப்பில்லாத கஞ்சி, வேளைக்கு மாத்திரை. அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டு நீரை இறக்கிக்கொண்டு வருவோம். இறக்கிய வேகத்தில் மறுபடி ஏறும். உடம்பெல்லாம் அரிப்பு. காலையில் விரிப்பை எடுத்தால் அங்கங்கே ரத்தத் திட்டு இருக்கும். என் மனைவி அதை எடுத்துப் போய் ஊற வைப்பாள். தம்பி மனைவிக்கு அந்த அடுக்கு வீட்டுப் பக்கமே ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் மாறி வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் கஞ்சி டம்ளரைத் தள்ளிவிட்டு அவன் சொன்னான்:

"என்னை ஊட்டாண்ட கொண்டு போய் வுட்டுடுண்ணா."

"இது யார் ஊடுடா? உன் ஊடு இல்லியா?"

"நல்லாத்தான் கீது. ஆனா இங்க செத்தா எனக்கு மேளம் அடிக்க வுடுவானுங்களா?"

"யார்றா சாவப் போறது? வாய் மேலயே போட்டேன்னா தெரியும்."

"கோவப்படாதண்ணா. கீழ் ஊட்டுப் பெரியவர் செத்தாரே, ஜன்னல்ல இருந்து பார்த்தேன். ஐஸ் பெட்டி வந்துச்சு. லிஃப்ட்டுல எறக்குனாங்க, வண்டில ஏத்துனாங்க. ஒரு நாய்கூட கொலைக்கல. மேளம் கூடாது, வெடி கூடாதுன்னு கேட்டாண்ட போர்டு வேற மாட்டிகீறானுங்க. எங்க பிளாக்குல பசங்க கீறானுங்க. மேளம் அடிச்சிக்கினு, கானா பாடிக்கினு அனுப்பி வைப்பானுங்க. எனக்கு அது வேணும்."

முடியாது என்றேன். அவனை அனுப்பினால் சாக அனுப்புகிறேன் என்று ஆகிவிடும். அதற்கா காரை எடுத்துக்கொண்டு போனேன்?

இப்படி இருக்கையில் என் மகன், தன் பிள்ளைகளுக்காக டிவியில் மாட்டியிருந்த கேம் பெட்டியில் புதிதாக ஒன்றை ஏற்றினான். அந்தக் காலத்துக் கடை கேம்களையெல்லாம் சேர்த்து, வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி ஒரே கட்டாகப் போட்டிருக்கிறார்களாம். திரையில் அந்த மரப்பெட்டிகள் விரல் உயரத்துக்கு, கொலு பொம்மை மாதிரி வரிசையாக நின்றன. அவன் தள்ளிக்கொண்டே போனான். ஒரு பெட்டியில் சிவப்பும் நீலமும் தெரிந்தது. "நிறுத்துடா" என்று கத்தினேன். அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டதும் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டான்.

"அண்ணா, நம்ம பனியன்டா!" என்றான். சந்தோஷத்தில் 'டா' போட்டுவிட்டான். நானும் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

இதில் டோக்கன் கிடையாது. ஒரு பொத்தானை அமுக்கினால் காசு விழுகிற சத்தம் வரும். எத்தனை தரம் அமுக்கினாலும் விழும். செத்துப் போனால் கொஞ்சம் பின்னால் போய், சாவதற்கு முன்னால் இருந்து ஆட இன்னொரு பொத்தான். "இன்னாடா இது, அன்னதான மண்டபமா?" என்று மகனைக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

தம்பி சோபாவில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணா, ஒரு பந்தயம் வெச்சிக்கலாமா? நீ கதவு தூக்குனவன்தானே?"

"அதுல இன்னா சந்தேகம்?"

"ஒரே காசு. பின்னால போற பொத்தானைத் தொடக் கூடாது. நீ கேமை முடிச்சிட்டா நான் இங்கயே கெடக்குறேன். நீ ஊத்துற கஞ்சியெல்லாம் குடிக்கிறேன். முடிக்கலன்னா என்னை ஊட்டுல கொண்டு போய் வுட்டுடணும்."

"நான் முடிச்ச கேம்டா அது!"

"அப்ப இன்னா பயம்?"

"யாருக்குடா பயம், கய்தே?"

என் மனைவி சமையலறையில் இருந்து, "ஒடம்பு முடியாத மனுசனாண்ட இன்னா பந்தயம் வேண்டிக் கெடக்கு?" என்றாள். அதற்குள் நான் கை கொடுத்துவிட்டேன். அவன் கை அடுப்பில் வைத்த மாதிரி சுட்டது.

"எத்தினி நாள் வேணா பழகிக்கோ," என்றான். "ஆனா நீ 'இன்னிக்கு'ன்னு சொல்ற ஆட்டம் ஒண்ணுதான் கணக்கு."

மதியச் சாப்பாட்டுக்குக் கடையில் இருந்து வருகிறவன், அதற்குப் பிறகு திரும்பிப் போவதை விட்டேன். நின்றுகொண்டு குச்சியை முறுக்கிப் பழகிய கை. இது உள்ளங்கையில் அடங்குகிற சாமான், கட்டை விரலால் ஆட வேண்டும். முதலில் முதல் தெருவையே தாண்டவில்லை. ஆனால் எனக்குக் கைவராத தொழில் கிடையாது. தெரு தெருவாக முன்னேறினேன். தம்பி வயிற்றின் மேல் தலையணையை வைத்துக்கொண்டு, "கத்திக்காரன் வர்றான், மேல ஏறு, மேல ஏறு... போச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பான். ஒரு தடவை அவனும் இரண்டாவது சாமானைக் கையில் எடுத்தான். விரல்கள் வீங்கி மடங்கவில்லை. நீலப் பனியன் நின்ற இடத்திலேயே நின்று அடி வாங்கிச் செத்தது. கீழே வைத்துவிட்டான். அப்புறம் எடுக்கவில்லை.

நான் கடைசித் தெரு வரைக்கும் வந்துவிடுவேன். கதவு வரைக்கும் போவதற்குள் உயிர் தீர்ந்துவிடும். தம்பிக்கு இதற்குள் பேச்சு குழற ஆரம்பித்தது. சில சமயம் என்னைப் பார்த்து யாரென்று கேட்பான். தெளிவாக இருக்கும்போதெல்லாம், "நாள் சொல்லுண்ணா" என்பான். நான் வேண்டுமென்றே தள்ளிப் போட்டேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அப்படி இல்லை. கை இன்னும் பதமாகட்டும் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி மனைவியும் வந்திருந்த நேரம். அவள் அவன் முதுகைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள். அவன் அன்றைக்குத் தெளிவாக இருந்தான். "இன்னிக்கு" என்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, அன்று நான் ஆடியது ஆட்டம். ஒவ்வொரு தெருவிலும் எவன் எந்தச் சந்தில் இருந்து வருவான் என்று கைக்கே தெரிந்தது. கடைசித் தெருவுக்கு வரும்போது ஒரு உயிர் மிச்சம். கதவுக்கு முன்னால் நின்றவர்களை ஒவ்வொருவனாகச் சாய்த்தேன். கதவு அசைந்தது. எழும்பியது. பாதி எழும்பியதும் கையில் இருந்ததை டீப்பாயில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி என் மனைவி பக்கம் திரும்பினேன்.

"பார்த்தியாடி!"

அந்த 'ஙொய்' சத்தம் வரவில்லை.

"மாமா, மாமா, டிவியப் பாருங்க," என்றாள் தம்பி மனைவி.

கதவு நிற்கவில்லை. முழுக்க மேலே போய்விட்டது. உள்ளே இருந்து பனைமர உயரத்துக்கு ஒருவன், சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். நான் குனிந்து சாமானை எடுப்பதற்குள் ஒரு வீச்சு. சிவப்புப் பனியன் விழுந்தது. திரையில் பத்தில் இருந்து எண்கள் இறங்க ஆரம்பித்தன, காசு போடுகிறாயா என்று. என் விரல் காசுப் பொத்தானுக்குப் போனது.

"ஒரே காசுண்ணா," என்றான் தம்பி.

எண்கள் இறங்கி முடிந்தன. நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது போங்கு!" என்று கத்தினேன். "இது நம்ம கேமே இல்ல. கதவோட முடிஞ்சிடும் அது."

தம்பி சிரித்தான். அத்தனை வாரத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு இருமலாகி, இருமல் வாந்தியாகி, அவன் மனைவி பிளாஸ்டிக் பேசினைப் பிடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"கதவோட முடியாதுண்ணா. நம்ம கடை மிஷினுக்குள்ள இருந்தது டூப்ளிகேட்டு போர்டு. அது அங்க வந்தா மாட்டிக்கும். பொருட்காட்சில இதே கேம் வெச்சிருந்தாங்க. அங்க கதவு முழுசாத் தொறந்துச்சு. இந்த சங்கிலிக்காரன் வந்தான். இவனுக்கு அப்பால இன்னொரு தெரு வேற கீது."

"எப்படா பார்த்த?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி."

"இத்தினி வருசம் ஏன்டா சொல்லல?"

"நீ பாக்குறவன் கிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்த. மூட்டை தூக்குற நமக்குச் சொல்லிக்க வேற இன்னா இருந்துச்சு? நான் எதுக்கு அத்தக் கெடுக்கணும்?"

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. எழுந்து பால்கனிக்குப் போய் நின்றேன். கீழே பாலத்தின் மேல் பறக்கும் ரயில் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "துணியெல்லாம் எடுத்து வைம்மா" என்று தம்பி மனைவியிடம் சொன்னேன். நான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அப்படி வியாபாரம் பண்ணித்தான் நான் மேலே வந்தேன்.

அவர்கள் இருக்கும் பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாவது மாடி. கீழே நின்ற பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். மாம்பலத்தில் மூட்டை ஏற்றிய முதுகு இது. குனிந்து நின்று அவனை ஏற்றிக்கொண்டேன். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் வெந்நீர்ப் பை மாதிரி என் முதுகில் அழுந்தியது. படி திரும்பும் இடத்திலெல்லாம் காதருகே, "எறக்கிட்டு மூச்சு வாங்கிக்கோண்ணா" என்றான். "கம்முனு வாடா" என்றேன். எங்கும் இறக்கவில்லை.

அங்கே அவன் கஞ்சி குடிக்கவில்லை. மாத்திரை சாப்பிடவில்லை. வாசலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, படி ஏறி இறங்குகிற எல்லோரிடமும் பேசினான். நான் போகும்போதெல்லாம், "இன்னா, சங்கிலிக்காரனை அடிச்சியா?" என்று கேட்பான். பிறகு கேட்பதும் நின்றது. கடையில் ஒருவருக்குச் சூட்கேஸ் பூட்டு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி போன் செய்தாள். "மாமா, வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் போய்ச் சேரும்போதே மேளம் கேட்டது. ஏரிக்கரைத் திருப்பத்திலேயே கேட்டது. வெடி, பூ, சாம்பிராணி, ஆட்டம். அவன் கேட்ட எல்லாம் இருந்தது. கானா பாடுகிற பையன் ஒருவன் மைக்கோடு என்னிடம் வந்தான்.

"பெரியவரே, மாமாவப் பத்தி எதனா சொல்லுங்க. பாட்டுல போடணும். கூடப் பொறந்தவர் நீங்கதானே."

என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் நிறுத்தாமல் சொல்லியிருப்பேன். இவன் கேட்டது அவனைப் பற்றி. அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

"பனியன் கேம்னு ஒண்ணு இருந்துச்சு," என்றேன். "நீலப் பனியன் அவன்து. அதுல கதவுக்குப் பின்னால இன்னா கீதுன்னு எங்க பக்கத்துல மொதல்ல பார்த்தவன் என் தம்பிதான். பார்த்துட்டு யார்கிட்டயும் வாயத் தொறக்கல. அத்தப் போடு."

பையனுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். மாம்பலம் மேல்மாடி, டூப்ளிகேட்டு போர்டு, பாதியில் நிற்கிற கதவு, பொருட்காட்சி, சங்கிலிக்காரன். அவன் தலையாட்டிவிட்டுப் போய் மேளக்காரரிடம் தாளம் சொன்னான். பாடினான். நீலப் பனியன் வந்தது, கதவு வந்தது, சங்கிலிக்காரனும் வந்தான். கூட்டம் கை தட்டியது.

சிவப்புப் பனியன் பாட்டில் வரவில்லை. போடச் சொல்லி நானும் கேட்கவில்லை.