அண்ணன் பாதியில் விட்ட பரிசல்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுத வராது. எட்டாவதோடு நின்றவன். எழுத வீட்டில் வேறு ஆள் இல்லை.

அண்ணன் பாப்பாரப்பட்டியில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். நான் பாலக்கோடு தக்காளி மண்டிக்கு வேலைக்குப் போனேன். அண்ணன் படித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பழைய புத்தகக் கடையில் ஒரு பெட்டி வாங்கினார். உள்ளே இங்கிலீஷ் புத்தகங்கள், இல்லாத ஒரு நாட்டின் வரைபடம், பல முகம் உள்ள பகடைகள்.

சொந்தக்காரர்களே, உங்களில் சிலர் அதைச் சூதாட்டம் என்றீர்கள். அது சூது இல்லை. அண்ணன் அந்த நாட்டில் நடக்கும் கதையைச் சொல்வார். மற்றவர்கள் கதையில் ஆளாக இருந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்பார்கள். முடியுமா முடியாதா என்று பகடை சொல்லும். அவ்வளவுதான்.

சிறுநீரகம் கெட்டு ஊருக்கே திரும்பினார். அதன்பிறகு ஞாயிறுதோறும் எங்கள் மாடியில் ஆட்டம். செல்போன் கடை பாரூக்கும் அவர் கூட்டாளிகளும் வருவார்கள். அம்மா டீ கொண்டுபோனால், "கதையில டிராகன் தூங்குதும்மா, மெல்ல வாங்க" என்பார் பாரூக். "எழுந்ததும் டம்ளரக் கழுவச் சொல்லு" என்பார் அம்மா.

பாரூக் ஒருமுறை அண்ணனிடம் கேட்டார். "இது நாம பொறக்கறதுக்கு முன்னாடி எழுதன ஒலகம்ணா. புதுசு எத்தனையோ வந்திருச்சு. இத இப்ப எவன் ஆடறான்?"

"நாமதான் ஆடறோம்" என்றார் அண்ணன்.

அந்த வரைபடத்தில் அண்ணன் பென்சிலால் நிறைய போட்டிருந்தார். கதையில் இவர்கள் நடந்த வழி, தங்கிய சத்திரம், செத்த இடம். ஆற்றில் ஒகேனக்கல் மாதிரி பரிசல் துறையும் போட்டிருந்தார்.

கடைசி ஞாயிறு ஆட்டத்தில் இவர்கள் அந்தப் பரிசலில் ஏறினார்கள். நடு ஆற்றில், அக்கரையில் யாரோ நிற்கிறார்கள் என்று சொன்னதோடு அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த வாரம் பார்ப்போம் என்று எழுந்தார். தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீடு திரும்பவில்லை.

எங்களில் புதைப்பதுதான் வழக்கம். புழங்கிய பொருளை உடன் வைப்போம். சட்டை வைத்தோம், கண்ணாடி வைத்தோம். அம்மா அந்த வரைபடத்தை மடித்துத் தலைமாட்டில் வைத்தார்.

"அவன் ஊருப் படம். அவங்கூடவே போவட்டும்."

பாரூக் பார்த்தார். வாய் திறந்தார். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து அவரும் ஒரு கைப்பிடி மண் போட்டார்.

அச்சில் வந்த படம் செல்போனில் கிடைக்கிறதாம். பென்சில் போட்டது கிடைக்காது. பாரூக்கும் கூட்டாளிகளும் புது உலகம் ஒன்று வாங்கி ஆடிப் பார்த்தார்கள். ஓடவில்லை. மூடி வைத்துவிட்டார்கள். இப்போது ஒரு பெரிய தாளில் பழைய வழிகளை நினைவிலிருந்து வரைகிறார்கள். சத்திரம் வடக்கே என்கிறார் ஒருவர், தெற்கே என்கிறார் இன்னொருவர்.

போன வாரம் பாரூக் என்னிடம் வந்தார். "ஆஸ்பத்திரில கூடவே இருந்தீங்க. அக்கரையில யார் நிக்கறாங்கன்னு அண்ணன் சொன்னாருங்களா?"

சொல்லவில்லை. மருந்து, சாப்பாடு, அம்மா. இவ்வளவுதான் பேசினோம். "தெரியாதுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனார். நான் கீழேயே நின்றேன்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், வண்டி கொடுத்தவர்களுக்கும், காரியத்தில் உடன் நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒரு உதவி. அக்கரையைப் பற்றி உங்களில் யாரிடமாவது அண்ணன் பேசியிருந்தால், வந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாரூக்கும் கூட்டாளிகளும் மாடியில் இருப்பார்கள். இன்னும் நடு ஆற்றில்தான் இருக்கிறார்கள்.