தேங்காய் எழுந்து நின்ற குட்டி

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் தேங்காய் கொண்டுபோவதில்லை. நாங்கள் கொண்டுபோனோம். அம்மாவின் தம்பியான என் மாமா எங்கே போனாலும், அவருடைய வண்டியின் பக்கப்பெட்டியில் உரித்த தேங்காய் ஒன்று குடுமியோடு கிடக்கும்.

மாமா போர் போட இடம் பார்ப்பவர். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு வெள்ளாமைக் காட்டில் நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் அது நடுங்கி நடுங்கி எழுந்து நிற்கும். வெண்ணந்தூரைச் சுற்றிப் பத்து ஊரில் அவருக்குப் பெயர் இருந்தது. எங்கள் காட்டில் அவர் காட்டிய முதல் இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இரண்டாவதில் புழுதிதான் வந்தது. தான் குறித்த இடத்திலிருந்து ரிக் வண்டிக்காரர் ஒரு முழம் தள்ளித் துளை போட்டுவிட்டார் என்றார் மாமா. அப்பாவும் அதை அப்படியே நம்பி, ரிக் வண்டிக்காரரைத்தான் திட்டித் தீர்த்தார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நாமகிரிப்பேட்டையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பொமரேனியன் குட்டி போட்டிருந்தது. முட்டை அட்டைப்பெட்டிக்குள் மூன்று ஆண் குட்டிகள் பஞ்சு மூட்டை மாதிரி தூங்கின. நாலாவது பெட்டை. எலியைவிடக் கொஞ்சம் பெரிது. வெளியே வந்து என் செருப்பு வாரைக் கடித்து இழுத்தது. எனக்கு அதுதான் வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

அப்பா முடியாது என்றார். வருஷத்துக்கு இரண்டு ஈத்து ஈன்றால் குட்டிகளை யார் பார்ப்பது என்று கேட்டார். ஆண் குட்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். நான் அழுகைக்குத் தயாரானேன்.

அந்த வீட்டு அம்மா அப்பாவுக்குப் பரிந்துகொண்டு வந்தார். "பொட்டைய ஆருங்க கேக்கறாங்க? நாளைக்கு ஏரிக்கரையில கொண்டுபோயி உட்டர வேண்டீதுதான்."

ஏரிக்கரை என்றதும் எனக்குச் சந்தோஷம். குட்டி விளையாட நல்ல இடம் என்று நினைத்தேன். மாமா மட்டும் எழுந்துபோய் வண்டியிலிருந்து தேங்காயை எடுத்து வந்தார். எந்தக் குட்டி நம் வீட்டுக்கு ராசி என்று அதையே கேட்டுவிடலாம் என்றார். அப்பாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்று ஆண் குட்டிகளின் மேலே பிடித்தபோதும் தேங்காய் அசையாமல் படுத்திருந்தது. மாமா பெட்டைக் குட்டி நின்ற என் காலருகே வந்தார். காட்டில் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டு நடுங்கி எழுகிற தேங்காய், அன்று ஸ்பிரிங் வைத்தது போல விசுக்கென்று எழுந்து நின்றது. நான் கை தட்டினேன்.

"நான் சொல்லலீங்க மச்சான். தேங்கா சொல்லுது" என்றார் மாமா.

அப்பா தேங்காயைப் பார்க்கவில்லை. மாமாவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மா கொடுத்த காபி ஆறிப்போகும் வரை பார்த்தார். பிறகு, "எடுத்துக்க சாமி" என்று என்னிடம் சொன்னார். வீடு வரும் வழியில் குட்டி என் சட்டையில் ஒண்ணுக்குப் போனது. என்னைப் போல் சந்தோஷமானவர் அன்று ஜில்லாவிலேயே கிடையாது.

அடுத்த கோடையில் மூன்றாவது போருக்கு அப்பா சேலத்திலிருந்து மெஷின் வைத்துப் பார்க்கும் ஆளைக் கூட்டி வந்தார். உள்ளூரில் நாலு பேர் காரணம் கேட்டார்கள். அப்பா சொன்னதைக் கேட்டபின் அவர்களும் மாமாவைக் கூப்பிடவில்லை. எனக்கு அப்பா மேல் கோபமாக வந்தது. மாமாவிடமே போய்க் கேட்டேன். குட்டியை மடியில் போட்டு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்:

"தேங்காய்க்கு வயசாயிப்போச்சு சாமி."

நம்பினேன். பன்னிரண்டாம் வகுப்பு லீவில் ஒருநாள் சும்மா ஒரு தேங்காயைக் கையில் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்ததும் எழுந்து நின்றது. காட்டில் மாமாவின் கை தெரிந்து சாய்ந்ததா, தானாகச் சாய்ந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. நாமகிரிப்பேட்டையில் தெரிந்தேதான் சாய்த்தார், அதுவும் அப்பாவின் கண் முன்னால். பத்து ஊரில் இருந்த பெயரை ஏரிக்கரைக்குப் போகவிருந்த ஒரு பெட்டைக் குட்டிக்காக விட்டார். நானோ, எங்கள் குட்டிக்குத்தான் அத்தனை சக்தி என்று அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.