நாலாம் மாடியில் நின்ற கதை

திக்குவாயோடு பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு. டைஃபாய்டில் படுத்தெழுந்த கையோடு பத்தாம் வகுப்புப் பாஸ். கூன் விழுந்த முதுகென்று முதலில் ஒதுக்கிய அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர் வேலை. அப்புறம், வாரப் பத்திரிகையில் மூன்று கதைகள். தம்பி ஜெயித்ததையெல்லாம் அக்கா வரிசை பிசகாமல் சொல்வாள். அவள் தையல் கடைக்குச் சட்டை அளவு கொடுக்க வருகிறவர்கள்கூடத் தப்ப முடியாது.

அவன் எழுதும் விதமே தனி. லிஃப்டில் ஏறுகிறவர்கள், மாடி வந்ததும் பேச்சைப் பாதியில் விட்டு இறங்கிவிடுவார்கள். மிச்சத்தை இவன் ஸ்டூலில் உட்கார்ந்து மனதுக்குள் பேசிப் பார்ப்பான். வீட்டுக்கு வந்து எழுதி, அடியில் ‘லிஃப்ட்காரன்’ என்று போடுவான்.

போன மாதம் பட்டன் அமுக்கினால் தானே ஓடும் லிஃப்ட் வந்தது. ஸ்டூலைத் தூக்கிவிட்டு, அவனை வாசல் கேட்டில் நிறுத்தினார்கள். எழுத்தும் அதோடு நின்றது. அடுத்த கதையின் முடிவு இன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் இனி எதுவுமே அனுப்ப வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொல்லிவிட்டார்.

காலையிலிருந்து கிழித்த தாள்கள் தையல் மிஷின்வரை வந்துவிட்டன.

“வ-வராதுக்கா. ஒட்டுக்கேட்டுப் பிழைச்சவன் நான். லிஃப்ட் போச்சு, சரக்கும் போச்சு.”

“வாயைக் கழுவு. கதை எங்க நிக்குது?”

“நாலாம் மாடி. ஒரு அம்மா, ‘இனிமே அந்த மனுஷன் முகத்துல’ன்னு ஆரம்பிச்சாங்க. கதவு திறந்துச்சு. போயிட்டாங்க.”

“நீயும் இறங்கிப் பார்க்க வேண்டியதுதானே?”

“லிஃப்டை விட்டு இறங்கினா வேலை போயிடும்க்கா.”

“அதான் போயிடுச்சேடா!”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நாலாம் மாடியில என்னதான் இருக்கு?” என்று இறங்கிய குரலில் கேட்டாள்.

தெரியவில்லை அவனுக்கு. இத்தனை வருஷம் கதவு திறந்தவன், அங்கே காலே வைத்ததில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனான். வெயில் சாயத் திரும்பினான், முகம் செத்துப்போய்.

“ஒரு பெஞ்சு. சாத்தின கதவு. ஒ-ஒண்ணுமே இல்லக்கா.”

ஆனால் பேனாவை எடுத்தான். அந்தம்மாவை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தான், அழவைத்தான், கதவைத் திறந்து உள்ளே அனுப்பினான். ஈரத்துணியால் அந்த மனுஷன் முகத்தைத் துடைக்கவைத்தான்.

“‘முகத்துலயே முழிக்க மாட்டேன்’னுதானேடா அவ சொல்ல வந்திருப்பா?”

“அவங்க அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. இ-இது நான் சொல்றது.”

அடியில் பழக்கத்தில் ‘லிஃப்ட்’ என்று எழுதிவிட்டு, அதை அடித்தான். பெற்றவர்கள் வைத்த பெயரை முழுசாக எழுதினான். அக்கா எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, தன் வரிசையில் சேர்த்துச் சொல்லப் பக்கத்தில் தேதியும் போடச் சொன்னாள்: ஆகஸ்ட் ஒன்பது.