சென்னையிலிருந்து ஊர்காவற்றுறைக்கு எவ்வளவு நேரம்?

கடந்த மாசி மாதம் அம்மாவின் இரண்டாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் இருக்கும் எங்கள் ஊரான ஊர்காவற்றுறைக்குப் போனேன். அம்மாவின் அடக்கத்துக்கு நான் போகவில்லை. அதிலிருந்து அக்கா என்னுடன் தொலைபேசியில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. எப்படியாவது அதைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் போனேன். மற்றதெல்லாம் இதே வழியில் போகப்போகும் உங்களுக்கான தகவல்.

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். ஒருவழிக் கட்டணம் 6,200 இந்திய ரூபாய். காலை ஒன்பதரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். விமானம் பிற்பகல் 1.45க்கு ஏறி 3.05க்கு யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியில் இறங்கியது. சின்ன விமானம், தலையை இடித்துக்கொள்ளாமல் எழும்புங்கள். குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய நாற்பது நிமிடம்.

யாழ்ப்பாண நகருக்கு ஆட்டோக்கார அண்ணை நாலாயிரம் இலங்கை ரூபாய் கேட்டார். என் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரன் என்று கண்டுபிடித்து மூவாயிரத்துக்கு இறங்கினார். 4.40க்கு யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ். வலப்பக்க யன்னலில் இருங்கள். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்தான், ஆனால் பிற்பகல் வெயில் அந்தப் பக்கம் குறைவு. மண்கும்பான், வேலணை தாண்டி இறங்கி, நடந்து 5.50க்கு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆக, வீட்டிலிருந்து வீட்டுக்கு எட்டு மணித்தியாலம் இருபது நிமிடம்.

அத்தான் கடலுக்குப் போகிறவர். சூடை மீன் பொரியலும் புட்டும் இருந்தன. அக்கா பரிமாறிக்கொண்டே, வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டார். அவர் தானாகப் பேச்சுக் கொடுத்த சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"பிளேனில ஒண்டேகால் மணித்தியாலம்தான், அக்கா. ஏறினதும் தெரியேல்ல, இறங்கினதும் தெரியேல்ல."

அக்கா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

"அவ்வளவுதானே? அம்மாவை நாலரைக்குத்தான் எடுத்தது. நீ வரப் பாக்கிறன் எண்டு சொன்னபடியால் பெட்டியை மூடாமல் வைச்சிருந்தனாங்கள். கோயிலில இருந்து சுவாமியாரும் ரெண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டவர்."

அடக்கத்துக்கு முதல்நாளும் இந்த விமானம் ஓடியது. இடமும் இருந்தது. அலுவலகத்தில் ஒரு வேலை முடிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிறகு அக்காவிடம், தூரம், வந்துசேர இரண்டு நாள் பிடித்திருக்கும் என்று சொல்லியிருந்தேன். அதை அவர் நம்பியிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் திருப்பலி முடிந்து சேமக்காலைக்குப் போனோம். அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தியபோது, தூரம் என்று சொன்னது பொய் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். காற்றில் திரி அணைந்துகொண்டே இருந்தது. நான் கொளுத்த, அவர் கையால் மறைத்துப் பிடித்தார்.

போகிறவர்கள் கவனிக்க: இந்தியப் பணத்தைப் பலாலி விமான நிலையத்திலேயே இலங்கைப் பணமாக மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு. இருட்டினால் தீவுப்பகுதிக்கு ஆட்டோதான் கதி. நான் செய்தது போல் ஒரு இரவுக்கு மட்டும் போகாதீர்கள், போதாது.

பஸ்ஸடிவரை அக்கா வந்தார். பொரித்த மீனைச் சுற்றித் தந்துவிட்டுச் சொன்னார்:

"இனி வாறதெண்டால் சொல்லாமல் வா. சொன்னால் நான் பாத்துக்கொண்டிருப்பன்."

சித்திரைக்குச் சீட்டெடுத்துவிட்டேன். உங்களுக்குத்தான் சொல்கிறேன், அக்காவுக்குச் சொல்லவில்லை.