பச்சை வராத குடில்

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் மழையோடுதான் வரும். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்களுக்கு டிசம்பரில் வேலை கிடையாது. பாத்திகளெல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். குவித்துவைத்த உப்பு ஓலைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், அப்பா வீட்டில் உட்கார்ந்திருப்பார். வீட்டோடு இருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியாது. அதனால் குடில் கட்டும் வேலை முழுக்க அவர் தலையில் விழுந்தது.

ஊரில் எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். எல்லா வீட்டிலும் இயேசு பிறந்த மாட்டுக்கொட்டகையைக் காட்டும் குடில் உண்டு. ஏரிக்கரை மண்ணைக் கொண்டுவந்து, கூடத்து மூலையில் மலை மாதிரி பிசைந்து, வைக்கோல் கொட்டகை போட்டு, சுற்றிலும் கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளிப்பார்கள். பண்டிகைக்குள் பச்சைப்பசேலென்று முளைத்துவிடும். எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு சாங்கியம் இருந்தது. பச்சை ஒரு சாண் வளர்ந்த பிறகுதான் குடிலைப் பிரிக்க வேண்டும். குடிலைப் பிரித்த பிறகுதான் பண்டிகைக்கு வந்தவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இதை யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது. ஜனவரி ஆறாம் தேதி மூவரசர் திருநாளுக்குள் பச்சை இரண்டு சாண் வளர்ந்து சாய்ந்தே விடும் என்பதால் இந்தச் சாங்கியத்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வந்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதான வருடம், டிசம்பர் தொடக்கத்திலேயே அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் ஒரே தங்கை. கிளியனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நனைந்த புடவையோடு வந்தவளிடம் இருந்தது ஒரே ஒரு துணிப்பை, அதில் பாதிக்குமேல் கதைப் புத்தகங்கள். முழங்கைக்குக் கீழே ஒரு தீக்காயம் இருந்தது. இஸ்திரிப்பெட்டி பட்டுவிட்டது என்றாள். நானும் தம்பியும் நம்பினோம். மாமா அவளை அடிப்பார் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, வந்து வந்து புத்தி சொன்னார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணைத் திருப்பி அனுப்பிவைப்பதுதான் மரியாதை என்றார்கள். அப்பா எல்லோருக்கும் டீ கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாத மனிதர்.

அம்மா தலையாட்டவில்லை. "எத்தினி நாளைக்கு இப்பிடியே வெச்சிக்கப் போறீங்க? ஒரு முடிவுன்னு வேணாமா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு அத்தையைப் பிடிக்கவில்லை என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாமா போன் செய்தார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வந்து அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். அப்பா "சரிங்க மாப்ள, வாங்க மாப்ள" என்று போனை வைத்துவிட்டு, சாக்கை எடுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு மண் எடுக்கப் போனார். திரும்பி வந்து கொட்டியது ஏரி மண்ணே அல்ல. கருகருவென்று வழவழப்பாக இருந்த உப்புப் பாத்தி மண்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். "இன்னாங்க, பாத்தி மண்ணையா அள்ளியாந்தீங்க? இதுல இன்னா மொளைக்கும்?"

"ஏரி ரொம்பிக் கெடக்குது. இதான் கெடச்சுது" என்றார் அப்பா.

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கேழ்வரகு டப்பாவை எடுத்துவந்து வைத்தாள்.

குடில் இருக்கும்வரை எங்கள் வீட்டில் சாயங்காலம் டிவி கிடையாது. மற்ற வருடங்களில் இது எங்களுக்குப் பெரிய தண்டனை. அந்த வருடம் அத்தை இருந்தாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்றே புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குடிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துவிட்டோம். கப்பலில் சமையல்காரனாக வேலைக்குச் சேர்ந்த ஒரு கரடியின் கதையை அவள் படிக்க ஆரம்பித்தாள். நீளமான கதை. கரடிக்கு ஒரு குரல், கேப்டனுக்கு ஒரு குரல், புயலுக்குக்கூட ஒரு குரல் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரிகளை விரலால் தொடர்வேன். தம்பி மடியில் படுத்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்பான். கரடி குழம்பில் உப்பு போட்டதா என்பது அவனுடைய தினசரிக் கவலை. உப்பளக்காரன் பிள்ளை வேறு எதைக் கேட்பான்? அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மாமா கேக்கும் புதுத் துணியுமாக வந்தார். பைக் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும், கோயிலில் முதல் வரிசையில் முழங்கால் போடுவார், சாங்கியம் சம்பிரதாயம் என்றால் அவருக்கு உள்ளூரப் பயம். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அப்ப கெளம்பட்டுங்களா மச்சான்? அவள ரெடியாவச் சொல்லுங்க" என்றார். அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க மாப்ள, யாரு வேணான்னது" என்றார் அப்பா. "பச்சை இன்னும் வரலியே. நம்ம வூட்டு சாங்கியம் ஒங்களுக்குத் தெரியாததா? அது வரட்டும். நானே கொண்டாந்து வுடறேன்."

மாமா குடிலைப் பார்த்தார். மாதாவும் சூசையப்பரும் மொட்டை மண்ணில் மாட்டோடு நின்றிருந்தார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அவர் மட்டும் கிளம்பிப் போனார்.

மூவரசர் திருநாள் வந்தது, போனது. மற்ற வீடுகளில் குடிலைப் பிரித்து சொரூபங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டு மண்ணில் ஒரு முளைகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்பா தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் தெளித்துவிட்டுத்தான் பாத்தி திருத்தப் போவார். என் கூட்டாளிகள், எங்கள் வீட்டில் இயேசு பெரியவராகி நடக்கும்வரை குடில் இருக்கும் என்று சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் குடில் இருந்தால் கதை உண்டு என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

தம்பியால் பொறுக்க முடியவில்லை. பின்புறம் முருங்கை மரத்தடி மண்ணை ஒரு கொட்டாங்குச்சியில் அடைத்து, டப்பாவிலிருந்து திருடிய கேழ்வரகைத் தூவி, யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றினான். அது அழகாக முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதாகப் போன் வந்தபோது, அவருக்கு முன்னால் அதைக் குடிலில் வைக்கப்போவதாக வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அத்தை அதைக் கேட்டுச் சிரித்து அவனைத் தூக்கிக்கொண்டாள், ஆனால் அன்றைக்குக் கரடிக்குக் குரலே வரவில்லை.

மறுநாள் நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். ஜன்னல் வழியாக அம்மா தெரிந்தாள். கொட்டாங்குச்சிக்கு முன்னால் குந்தி, கை நிறைய உப்பை அதில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, விரலால் கலந்துவிட்டாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளை ஆசையாக வளர்த்ததை இப்படிச் செய்கிறவள் ஒரு அம்மாவா என்று அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முளைகள் மஞ்சளாகிப் படுத்துவிட்டன. தம்பி கொட்டாங்குச்சியைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதான். மாமாவே அவனுக்கு மிட்டாய் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. குடிலையும் கொட்டாங்குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வூட்டுல எதுவுமே மொளைக்காது போலருக்கே!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே. இது ஏன் வரலைன்னு நீ சொல்லு பாப்போம்."

எனக்குப் பதில் தெரியும். உவர் மண்ணில் பயிர் வராது என்று அந்த வருட அறிவியல் பாடத்திலேயே இருந்தது. கேள்வி கேட்டால் முதல் ஆளாகக் கை தூக்குகிற ரகம் நான். வாயைத் திறந்தேவிட்டேன்.

"பாப்பா" என்றாள் அத்தை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கரடிய நடுக்கடல்ல வுட்டுட்டு வந்துட்டோம். புக்கை எடுத்தாந்து குடு, ஓடு."

பட்டப்பகலில் கதையா என்று எனக்கு ஆச்சரியம், ஆனால் கிடைப்பதை விடுவேனா? ஓடிப்போய் எடுத்துவந்தேன். அவள் படித்தாள். முந்தின நாள் படித்த பக்கத்தையே படித்தாள், நான் விரலால் குத்திக் காட்டியும் நிறுத்தவில்லை. மாமா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். பைக் சத்தம் கடலோரச் சாலையில் தேய்ந்து மறைந்த பிறகும் அத்தை படித்துக்கொண்டே இருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பிறந்தும் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் முடியவில்லை. வீடு மந்திரிக்க வந்த பங்குச்சாமியார் குடிலைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். மாமா இன்னும் சில தடவை வந்தார், பிறகு போன் மட்டும் செய்தார், பிறகு அதுவும் நின்றது. அலுத்துவிட்டதோ, யாராவது உப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. அத்தை கிளியனூருக்குத் திரும்பவே இல்லை. இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாள். டிசம்பர் லீவில் என் மகளுக்குப் படித்துக்காட்டுகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, மாமாவிடம் சொல்லாமல் விட்ட பதில் என்னிடம் அப்படியே இருந்தது. அப்பா வழக்கம்போலச் சொம்போடு குடிலுக்கு முன்னால் குனிந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, உப்பு மண்ணுல எதுவும் மொளைக்காதுப்பா. சயின்ஸ் புக்குல போட்டிருக்குது."

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். கண்ணை விரித்து என்னைப் பார்த்தார். "அப்பிடியா பாப்பா? எனக்குத் தெரியாமப் போச்சே!"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாமாகிட்ட சொல்லிடாத. இதுகூடத் தெரியலியான்னு சிரிப்பாரு."

பொழுதெல்லாம் உப்பிலேயே கிடக்கிறவருக்கு இது தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு பள்ளிக்கூடம் போனேன்.