என் சிப்பாய்கள் ஏன் மிரண்டார்கள்

பிரஷ்தான் நடுங்குகிறது என்று நம்பினேன்.

கட்டைவிரலின் மேல்கணு உயரமே உள்ள ஒரு பொம்மைச் சிப்பாய்க்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. கருவிழிக்கு வைத்த புள்ளி கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இந்த முறை மூக்கில்.

பிரஷின் முனை பிரிந்துவிட்டது என்று தீர்மானித்து கடல் தாண்டி மெயின்லாண்டிலிருந்து புதிது வரவழைத்தேன். அதிலும் அதே கதை. பெயிண்ட் கெட்டி என்று தண்ணீர் சேர்த்தேன். காபியை நிறுத்தினேன். மேசைக்கால் ஆடுகிறது என்று அட்டையை மடித்துச் செருகினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது கை நடுங்கத் தொடங்கியிருந்தால், தயவுசெய்து மேசையைத் திட்டாதீர்கள்.

என் வீடு போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில். தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்ட்டரில் வேலை. மேசைமேல் படை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதற்கான குட்டிச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுவதுதான் எனக்கு ஆசுவாசம். ஜங்லிகாட்டில் இருக்கும் நண்பன் சுபீரோடு மோதுவதற்காக ஒரு முழுப் படையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். நடுக்கம் வந்தபோது பாதிப் படைக்குத்தான் முகம் இருந்தது.

நடுக்கம் தனியாக வரவில்லை. படுத்தால் இதயம் தலையணையில் தட்டும். மழை பெய்து ஊரே போர்வை தேடும்போது எனக்கு வியர்க்கும். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் புடவை இடுப்பில் நிற்கவில்லை. உட்கார முடியாது. பாத்திரம் கழுவுவேன், கழுவியதை மறுபடி கழுவுவேன். கேம்பல் பே கப்பல் எப்போது என்று ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்ட பெரியவரிடம், கவுண்ட்டரே அதிரும்படி கத்தினேன். அவர் பயந்து பின்னால் நகர்ந்தார். எனக்குக் கோபம் புதிதல்ல, ஆனால் இது என் கோபத்தைவிட வேகமாக ஓடியது.

"அலமாரிய இத்தோட எத்தன தடவ அடுக்குவ? சும்மா உக்காரேன் மீனா. பதறிய காரியம் சிதறும்" என்றார் என் கணவர் செல்வம். ராமநாதபுரத்துக்காரர். கட்டட காண்ட்ராக்டர். சிமெண்ட் கப்பல் தாமதமானாலும் பாயை விரித்துத் தூங்கக்கூடியவர்.

"உங்கள மாதிரி எல்லாரும் உக்காந்தா வீடு விளங்கிடும்" என்றேன். அவர் வெளியே போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் முகம் தீட்டுவதை மட்டும் நான் விடவில்லை. துடைத்துத் துடைத்து, நடுக்கம் கொஞ்சம் ஓயும் நொடி பார்த்துப் புள்ளி வைத்தேன். இங்கே என் வேலைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். முகம் தீட்டும்போது செல்வத்தின் ஷேவிங் கண்ணாடியை எதிரே நிறுத்திவைப்பேன். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கன்னத்தின் குழியில் பழுப்பு எவ்வளவு தேங்க வேண்டும், இமை எங்கே நிற்கிறது என்று என் முகத்தைப் பார்த்துத்தான் தீட்டுவேன். வேறு மாடலுக்கு நான் எங்கே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்த சிப்பாய்களை சுபீர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சுபீர் ஆழ்கடல் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். எதையும் நிதானமாகப் பார்ப்பான். முன்பு தீட்டியவர்களை ஒரு வரிசையாகவும் புதியவர்களை இன்னொரு வரிசையாகவும் நிறுத்திவைத்துக் குனிந்து பார்த்தான்.

"தீதி, புரா மத் மான்னா. யே நயா வாலா சப் டரா ஹுவா லக்தா ஹை" என்றான். அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே, புதிதாகத் தீட்டியவர்கள் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு சிரித்துக்கொண்டே, "பூத் தேகா க்யா?" என்றான். பேயைப் பார்த்தார்களா?

எனக்குச் சுருக்கென்றது. கண் எழுதப் புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு அது. கருவிழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளை தெரியவிட்டால் எந்த முகமும் பேயறைந்தது போல ஆகிவிடும். மேல் இமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சம் மூடியிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? சண்டைக்குத் தயாராகத்தான் குனிந்தேன்.

அவன் சொன்னது சரி. பழைய வரிசையில் இமை இருந்த இடத்தில் இருந்தது. புதிய வரிசையில் ஒவ்வொரு முகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிருந்தது. கடைசியாகத் தீட்டிய கொடி பிடிப்பவனுக்குக் கருவிழிக்கு மேலே வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. அப்படித் தீட்டியதாக எனக்கு நினைவே இல்லை. கண்ணாடியில் பார்த்ததைத்தான் தீட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்வத்தை வெளிச்சத்தில் நிறுத்தி, "என் கண்ணப் பாருங்க. எப்பவும் இப்படியா?" என்றேன்.

உற்றுப் பார்த்தார். "கோபத்துல முழிக்கிறன்னு நெனச்சேன்மா. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு" என்றார். பிறகு குரல் இறங்கியது. "சலோ, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மருத்துவர் இளம் பெண், திருநெல்வேலிப் பக்கம். என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிட்டு அளவுக்குமேல் சுரக்கவைக்கும் நோய்). கண்ணுக்குப் பின்னால் உள்ள தசைகளும் வீங்கலாம் என்றும், இமை மேலேறியது அதனால்தான் என்றும் சொன்னார்.

"பெயிண்ட் பண்ணுவேன் டாக்டர். கை பழையபடி வருமா?"

"கை வந்துரும் மேடம். கண்ணு அது இஷ்டத்துக்குத்தான் போவும். பாதி பேருக்குத் தானா இறங்கும்னு எல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், பாத்துக்கிட்டே இருக்கணும்."

இரண்டு மாத்திரைகள். புரோப்ரனலோல் (படபடப்பையும் நடுக்கத்தையும் தணிப்பது), கார்பிமசோல் (தைராய்டு சுரப்பைக் குறைப்பது). இரண்டாவதை எடுக்கும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓடி வர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். இரத்த வெள்ளணுக்கள் குறைந்துவிடும் ஆபத்து அரிதாக உண்டாம். வீட்டில் சிகரெட் புகை கூடாது, அது கண்ணைக் கெடுக்கும் என்றார். செல்வம் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அங்கேயே குப்பைக்கூடையில் போட்டார். அவ்வளவு சுலபமாகப் போட்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

சில நாட்களிலேயே கை அடங்கிவிட்டது. குணமாகிவிட்டேன் என்று குதித்தேன். அடுத்த முறை போனபோது மருத்துவர், "கை அமைதியாயிட்டு. சுரப்பி இன்னும் அமைதியாவல. பொறுங்க" என்றார். பொறுமையா? ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, எனக்கு ஆக்கவே பொறுக்காது. மாத்திரை போட்டுவிட்டு அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். வீக்கம் கண் நரம்பை அழுத்தினால் நிறங்கள் மங்கும். முதலில் சிவப்பு. ஒரு கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

வண்ணம் தீட்டுபவளிடம் சிவப்பு போய்விடலாம் என்று சொன்னால் அவள் என்ன ஆவாள்? கை போனால் பழகிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். கண் போனால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தினமும் விடிந்ததும் படைத்தலைவனின் மேலங்கிக்காக வாங்கிவைத்திருந்த சிவப்பு பெயிண்ட் பாட்டிலை ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பார்ப்பேன். பிறகு மாற்றிப் பார்ப்பேன். ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்ப், தெருவில் தபால் பெட்டி, யாரோ ஒருத்தியின் குங்குமம் என்று சிவப்பாக எது கண்ணில் பட்டாலும் ஒரு கண்ணை மூடுவேன். கவுண்ட்டரில் ஒருவர் நான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

மழைக்காலத்தில் ஒரு காலை இடது கண்ணால் பார்த்தேன். சிவப்பு இல்லை. நீர்த்துப்போன ரோஜா நிறம்தான் தெரிந்தது. பாட்டிலைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். செல்வம் லுங்கியோடு வண்டியை எடுத்தார். வழி முழுக்க அவர் முதுகில் நெற்றியை வைத்து அழுதேன்.

மருத்துவர் ஒரு சிவப்பு மூடியை எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினார். இரண்டிலும் நல்ல சிவப்பு. எழுத்துகளைப் படிக்கவைத்தார். கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தார்.

"வலது கண்ணால இதப் பாத்தீங்களா மேடம்?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதற்கும் ரோஜா நிறம்தான் தெரிந்திருக்கும். நாள் கணக்கில் பிரஷைத் தொடாததால் பாட்டிலைக் குலுக்கவில்லை. நிறம் முழுக்க அடியில் படிந்து, மேலே வெறும் நீர் நின்றிருந்தது. பெயிண்ட்டைத் தொடும் முன் பாட்டிலைக் குலுக்கு என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

மருத்துவர் குலுக்கினார். சிவப்பு எழுந்து வந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். செல்வம் அடக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். சந்தேகம் வந்தால் இன்னொரு தடவையும் இப்படியே ஓடி வாருங்கள் என்று மருத்துவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதன்பின் மெல்ல மெல்ல இறங்கினேன். இதயம் தலையணையை விட்டுப் போனது. புடவை இடுப்பில் நின்றது. மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். உண்மையைச் சொன்னால் அந்த வேகம் போனதில் ஒரு ஏக்கமும் இருந்தது. காலையில் எழுந்ததும் நாள் முன்பு போல என்மேல் பாய்வதில்லை. பஸ்ஸுக்கு நிற்பவள் போல நான்தான் அதற்குக் காத்திருக்கிறேன்.

வலது இமை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இடது இமை ஒரு மயிரிழை மேலேயே நின்றுவிட்டது. இனி இப்படித்தான் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். கோபமாக இருக்கிறாயா என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் ஒரு பக்கம் மட்டும் என்கிறேன்.

போன ஞாயிறு மேசையை எடுத்துப் போட்டேன். மிரண்ட சிப்பாய்கள் அன்று தீட்டிய மாதிரியே நின்றிருந்தார்கள். பிரஷ் நுனியில் அடர்பழுப்பைத் தொட்டு ஒவ்வொருவனுக்கும் மேல் இமையைக் கீழே இறக்கினேன். கோடு போட்டதும் முகம் ஆறிப்போகிறது. கொடி பிடிப்பவனுக்கும் இறக்கினேன். மிச்சம் இருந்தது முகமே இல்லாத படைத்தலைவன்.

ஷேவிங் கண்ணாடியை எடுத்தேன். திருப்பி வைத்துவிட்டேன்.

"என்னங்க, இப்படி எதிர்ல வந்து உக்காருங்க. உங்க கண்ணு வேணும்."

"எனக்குச் சைட் வேல இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. வெள்ளையைக் கலந்தேன், பழுப்பைக் கலந்தேன், மணிக்கட்டுகளைச் சேர்த்து அழுத்தி நிமிர்ந்து பார்த்தேன். செல்வம் தூங்கிவிட்டிருந்தார். இரண்டு இமைகளும் முழுக்க மூடியிருந்தன.

முன்பென்றால் உலுக்கி எழுப்பியிருப்பேன். கலக்கும் தட்டில் பெயிண்ட் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. கையைப் பார்த்தேன், அது ஆடவில்லை. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது, அதற்கும் அவர் அசையவில்லை.

பெயிண்ட் முழுக்கக் காய்ந்தது. அவர் எழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.